டாக்டர் மாண்டிசோரி அம்மையாரும் நம் மலைச்சாரல் குழந்தைகளும்

பழனி மலைத்தொடரின் மேற்குக் கோடி ஏலமலைகளோடு வந்து சேரும் இடம், போடிநாயக்கனூர் வாசிகள் நாள்தோறும் அண்ணாந்து நோக்கும் காட்சியேயாகும். கொடைக்கானலிலிருந்து பேரிஜம் ஏரியின் வழியாக டாப் ஸ்டேஷனுக்கு முற்காலத்தில் ஒரு மலைப்பாதை இருந்தது. டாப் ஸ்டேஷனிலிருந்து குரங்கணிக்கு இறங்கினால் அடுத்தது போடிதான். இத்துணை அண்மையில், 1942-ஆம் ஆண்டு முதல் ஏறக்குறைய இரண்டாண்டுக் காலம், உலகப் பிரசித்தி பெற்ற ஒரு மூதாட்டியார், யுத்தத்தின் காரணமாக ஐரோப்பா திரும்ப வழியின்றித் தங்கியிருந்தார். தங்கிய காலத்தை வீணாக்காமல், அயல்தேசத்துப் பிள்ளைகளும் இந்நாட்டுப் பிள்ளைகளும் கலந்த ஒரு சிறு பள்ளியை நடத்தி, தாம் முப்பத்தைந்தாண்டுகளாகக் கற்பித்து வந்த முறையைத் தாமே மறுபடியும் ஆராய்ந்து விரிவாக்கினார். அவரே டாக்டர் மரியா மாண்டிசோரி அம்மையார்.

மாண்டிசோரி என்னும் பெயரைக் கேளாதார் இக்காலத்தில் இலர். சிறு பட்டணங்களிலும் அப்பெயர் தாங்கிய பாலர் பள்ளிகள் பலகை மாட்டியிருக்கின்றன. ஆயினும் அது ஓர் ஊரின் பெயரா, ஆளின் பெயரா, ஆங்கிலத்தில் கற்பிக்கும் பள்ளிக்கு இட்ட பொதுப் பெயரா என்று வினவினால் விழிப்பவரே பலர். பிள்ளைகளின் கல்விக்காகக் கையிலுள்ளதை எல்லாம் செலவிடும் நம்மனோர், அப்பெயருக்கு உரியவர் யார் என்று அறிந்துகொள்வது நலம். ஆகவே அம்மையாரின் சரித்திரத்தைச் சுருக்கி, அதில் நம் மலைச்சாரலுக்கு உரிய பகுதியைச் சற்று விரித்து எழுதத் துணிந்தோம்.

அம்மையார் 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 31-ஆம் நாள், இத்தாலி தேசத்தில் அங்கோனா நகரை அடுத்த கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் சர்க்கார் உத்தியோகஸ்தர். தாயார் நூற்பயிற்சி மிக்கவர். பெண்கள் வைத்திய சாஸ்திரம் பயில்வதை ஊரார் ஏளனம் செய்த அக்காலத்தில், தந்தையின் மனத்தாங்கலையும் தாங்கிக்கொண்டு, 1896-இல் ரோமாபுரிச் சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் வைத்தியர் இவரே என்று பலரும் எழுதுவதுண்டு, அது சரியன்று. இவருக்கு முன்னரே அப்பட்டம் பெற்ற மாதர் அந்நாட்டில் இருந்தனர். உண்மையான பெருமையே மலைபோல் இருக்கும்போது இல்லாத பெருமை எதற்கு?

பட்டம் பெற்றபின் சித்தசுவாதீனம் இல்லாதவர்களுக்கான வைத்தியசாலையில் பணிபுரியும்போது, மந்தபுத்தியுள்ள குழந்தைகளையும் பெரியவர்களோடு ஒரே விடுதியில் அடைத்து வைத்திருந்ததைக் கண்டு மனம் வெதும்பினார். அக்குழந்தைகளுக்கு வேண்டுவது மருந்தைக் காட்டிலும் கல்வியே என்று தெளிந்து, இத்தார், செகன் என்னும் பிரெஞ்சு வைத்தியர் இருவரின் நூல்களை ஆழ்ந்து கற்று, தொட்டும் எடுத்தும் பொருத்தியும் பழகும் கருவிகளை அமைத்தார். அவர் பழக்கிய குழந்தைகள் சிலர் மற்றப் பிள்ளைகளைப் போலவே எழுதப் படிக்கக் கற்றுப் பரீட்சையும் தேறினர். ஊரார் வியந்தனர். அம்மையாரோ, குறையுடைய பிள்ளைகள் இவ்வளவு தேறக்கூடுமாயின், குறையில்லாப் பிள்ளைகள் அவர்களோடு சமமாக மட்டும் நிற்பதற்கு நம் பாடசாலைகள் எவ்வளவு கேடு செய்திருக்க வேண்டும் என்று சிந்திக்கலாயினார். அச்சிந்தனையே அவரைக் கல்வித்துறைக்கு இழுத்து வந்தது.

இடையில் 1898-இல் அவருக்கு மரியோ என்னும் மகன் பிறந்தான். விவாகமின்றிப் பிறந்த பிள்ளையாதலின் நாட்டுப்புறத்தில் பிறரிடம் வளர்க்க விட நேர்ந்தது. உலகத்துக் குழந்தைகளின் மனத்தை ஆராய்ந்த தாய், தன் குழந்தையின் பால்யத்தை அருகிருந்து காண இயலாமற் போயிற்று. மகன் இளைஞனான பின்னரே தாயிடம் வந்து சேர்ந்தான்; அதன்பின் அவர் காலம் முழுவதும் பிரியாது உடனிருந்து தொண்டு செய்தான்.

1907-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 6-ஆம் நாள் ரோமாபுரியின் சான் லொரென்சோ என்னும் ஏழைகள் வட்டாரத்தில் அவருடைய முதல் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. அங்குக் கூலிக் குடும்பங்களுக்காகக் கட்டிய பெரிய குடியிருப்பில், தாய் தந்தையர் வைகறையிலேயே வேலைக்குப் போய்விட, பள்ளி வயது வாராத சிறுவர் ஐம்பது பேருக்கு மேல் படிகளில் ஓடிச் சுவர்களைப் பாழாக்கி வந்தனர். கட்டிடக்காரர்கள் தங்கள் சுவர்களைக் காத்துக்கொள்ளவே ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தனர் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. இதைப் படிக்கும் போடி வாசகர்களுக்கு வேறொரு காட்சி நினைவுக்கு வரும். விடியுமுன் ஜீப் ஏறிப் போடிமெட்டுக்கு மேலே காய் எடுக்கவும் கவாத்துச் செய்யவும் போகும் தாய்மார்கள், தூங்கும் குழந்தையைப் பாட்டியிடமோ, மூத்த பெண்ணிடமோ, அங்கன்வாடி திறக்கும்வரை அடுத்த வீட்டாரிடமோ விட்டுச் செல்கின்றனர். சான் லொரென்சோவில் இருந்தது இதே நிலைமைதான். மாண்டிசோரி முறை செல்வர் மாளிகையில் தோன்றியதாக எண்ணுவோர் இதனைக் கருத வேண்டும்.

அங்கே அவர் கண்டவை பல. பிள்ளைகள் பரிசுக்கும் மிட்டாய்க்கும் மயங்கவில்லை; தமக்குப் பொருத்தமான வேலை கிடைத்தால் பெரியவர்களும் வியக்கும்படி அதில் மூழ்கினர். மூன்று வயதினரும் ஐந்து வயதினரும் ஒரே அறையில் இருந்தமையால் சிறியவர் பெரியவரைப் பார்த்துக் கற்றனர். பெரியவர் சிறியவருக்குக் காட்டிக் கொடுத்துத் தாமும் தெளிந்தனர். ஒரு சென்டிமீட்டர் முதல் பத்துச் சென்டிமீட்டர் வரை வளரும் பத்துக் கனச்சதுரங்கள், குழிகளில் பொருந்தும் மரக்குண்டுகள், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகள் முதலியன அவர் அமைத்த கருவிகளிற் சில. ஒவ்வொரு கருவியிலும் ஒரு குணம் மட்டுமே மாறும், மற்றவை மாறா. தவறினால் கருவியே தவற்றைக் காட்டிவிடும். உபாத்தியாயர் அதட்ட வேண்டுவதில்லை.

1909-இல் அவர் முறையை விளக்கும் நூல் வெளிவந்தது. சில ஆண்டுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அவர் பெயர் பரவியது. பின்னர் வந்த வாழ்வு நெடிய அலைச்சல். 1924-இல் முசோலினியின் அரசாங்கம் அவருக்குக் கைகொடுக்க, அதனை அவர் ஏற்றார். இது அவர் சரித்திரத்தில் புகழ்ச்சிக்குரிய பகுதியன்று. சிறுவரைப் போருக்குப் பழக்கும் கொள்கையும் அவர் கொள்கையும் ஒரு கூரையின்கீழ் நில்லாவாகையால் 1934-இல் பிளவு முற்றி, இத்தாலியில் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மனியில் நாஜிகளும் மூடினர். ஸ்பெயினில் தங்கியிருந்தவரை 1936-இல் அங்கு மூண்ட உள்நாட்டுப் போர் துரத்த, ஹாலந்தில் அடைக்கலம் புகுந்தார். பள்ளிகளை மூடிய அதே இத்தாலி 1990-இல் தன் ஆயிரம் லிரா நோட்டில் அவர் முகத்தை அச்சிட்டது. காலத்தின் வேடிக்கைகளில் இதுவும் ஒன்று.

இதற்கிடையே 1931-ஆம் ஆண்டு அக்டோபரில், வட்டமேஜை மகாநாட்டிற்காக லண்டன் சென்றிருந்த மகாத்மா காந்தி, அம்மையாரின் பயிற்சிக் கலாசாலையில் பேசினார். செல்வர் பிள்ளைகளுக்கு மட்டுமின்றிப் பரம ஏழைகளின் பிள்ளைகளுக்கும் இப்பயிற்சி கிட்டும் நாள் வரவேண்டுமென்னும் தம் விருப்பத்தை அவர் அங்கே வெளியிட்டார். ஏழைகளிடையே பிறந்த முறை இருபத்தைந்தாண்டுகளுக்குள் எங்குப் போய்ச் சேர்ந்திருந்தது என்பது அவ்விருப்பத்திலிருந்தே விளங்கும்.

1939-ஆம் ஆண்டு, பிரம்மஞான சங்கத் தலைவர் ஜார்ஜ் அருண்டேல், ருக்மிணி தேவி தம்பதிகளின் அழைப்பை ஏற்று, அம்மையார் மகனுடன் சென்னை அடையாற்றுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 69. இந்தியாவின் பல மாகாணங்களிலிருந்து முந்நூறு பேருக்கு மேற்பட்ட ஆண்களும் பெண்களும் பயிற்சிக்கு வந்து கூடினர். ஓலைக்கூரை வேய்ந்த கொட்டகைகளில் வகுப்பு நடந்தது. அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார். மரியோ அதனை ஆங்கிலத்தில் பெயர்ப்பார். கேட்டவர்கள் அதனைத் தம்தம் ஊருக்குக் கொண்டுபோய்த் தமிழிலும் தெலுங்கிலும் குஜராத்தியிலும் குழந்தைகளிடம் சொல்ல வேண்டும். ஒரு கருத்து மூன்று மொழிகளைக் கடந்து மூன்று வயதுக் குழந்தையிடம் சேர வேண்டியிருந்தது.

ஆறேழு மாதங்களாக வந்த காரியம் நடந்துகொண்டிருக்க, 1940 ஜூன் மாதம் இத்தாலி யுத்தத்தில் குதித்தது. பிரிட்டிஷ் சர்க்காரின் கண்ணுக்குத் தாயும் மகனும் பகைநாட்டார் ஆயினர். மரியோ அகமத்நகர் முகாமில் காவலில் வைக்கப்பட்டார். அம்மையார் அடையாற்று எல்லைக்குள் நிறுத்தப்பட்டார். அவ்வாண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள், அவருடைய எழுபதாம் பிறந்தநாளுக்குப் பரிசாக, வைசிராய் மரியோவை விடுவித்துத் தாயிடம் அனுப்பினார். அதுவரை உறவு முறையை வெளியே சொல்லாமல் மருமகன் போலவும் வளர்ப்பு மகன் போலவும் குறிப்பிடப்பட்டு வந்த மரியோ, சர்க்கார் கடிதத்தில் மகன் என்றே குறிக்கப்பட்டார். நாற்பதாண்டு மறைத்த உறவை ஓர் அந்நிய அரசாங்கத்தின் உத்தரவு வெளிப்படுத்திற்று.

1942-இல் சென்னைப் பட்டணத்தை ஜப்பானியர் தாக்குவர் என்னும் பீதி பரவி, ஜனங்கள் ஊரைக் காலி செய்துகொண்டிருந்த ஆண்டில், அம்மையார் குளிர்ந்த கொடைக்கானலுக்கு இடம் பெயர்ந்தார். அங்கே நடந்த சிறு பள்ளியில் இலங்கையைச் சேர்ந்த லேனா விக்கிரமரத்ன என்னும் ஆசிரியை அவருக்கு வலக்கரமாக நின்றார். பள்ளிக்கு வந்த பிள்ளைகளின் நாடு வேறு, மொழி வேறு, சமயம் வேறு, வயதும் வேறு. நடை பயிலும் குழந்தை முதல் பன்னிரண்டு வயதுச் சிறுவர் வரை ஒரே இடத்தில் கூடினர். முன்னமே வகுத்த பாடங்களை ஒரே வரிசையில் எல்லோருக்கும் புகட்டுவது இத்தகைய கூட்டத்தில் நடவாத காரியம். ஆனால் ஏரியும் பாசியும் பெரணியும் பூச்சியும் எல்லோருக்கும் பொது அல்லவா? பிள்ளைகளும் பெரியவர்களும் மலைச்சரிவுகளில் திரிந்து செடிகளைச் சேகரித்தனர். மரம், மண், நீர், உயிர், மனிதன் யாவும் ஒன்றையொன்று பற்றி நிற்கும் பாங்கைக் குழந்தைகள் உணர்வதே கல்வியின் அடித்தளம் என்னும் அவர் கொள்கை இம்மலையில்தான் முழு உருப் பெற்றது. அக்கொள்கையை விளக்கும் நூல் ஒன்று 1948-இல் அடையாற்றுக் கலாக்ஷேத்திரத்திலிருந்து வெளியாயிற்று.

இந்நாட்டில் அவர் கற்றுக்கொண்டது யாது? அவர் வந்து நம்மவர்க்குக் கற்பித்ததை மட்டுமே பலரும் எழுதுகின்றனர். அகமதாபாத்தில் ஆற்றிய பிரசங்கங்களைத் தழுவி 1949-இல் அடையாற்றில் வெளியான நூலில் அவர் விளக்கும் கருத்தொன்று உண்டு. பிறந்தது முதல் ஆறு வயது வரை குழந்தையின் மனம் பஞ்சு நீரை ஈர்ப்பதுபோல் சூழ்ந்துள்ள அனைத்தையும் ஈர்த்துத் தன் உடலோடு ஒன்றாக்கிக் கொள்கிறது. மொழி மட்டுமன்று, நடை, உண்ணும் முறை, பெரியோர்க்குக் காட்டும் பணிவு, தெய்வத்தைத் தொழும் வகை, மண்ணின்மேல் பற்று யாவும் அவ்வாறே உள்ளே இறங்குகின்றன. இந்தியர் விலங்குகளிடத்தும் காட்டும் பரிவை அவர் இதற்கு உதாரணமாகக் காட்டுகிறார். வளர்ந்தபின் இங்கு வந்து குடியேறுபவர் அதனைப் போற்றலாமேயன்றி, இங்கே குழந்தையாய் இருந்தவரைப்போல் அடைய முடியாது என்பது அவர் துணிபு. தாய்மார் குழந்தையை இடுப்பிலும் முதுகிலும் சுமந்து சந்தைக்கும் வேலைக்கும் கொண்டு செல்வதை அவர் குறையாகக் கருதவில்லை. அக்குழந்தை உலகத்தைக் காண்கிறது, பேச்சைக் கேட்கிறது, ஆதலால் அதுவே அதன் முதற் பள்ளி என்று கொண்டார்.

இக்கருத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நம் மலைக்கு ஏறுவோம். குரங்கணிக்கு மேலுள்ள முதுவாக்குடியில் வாழும் முதுவர்கள், மதுரையை விட்டு மலையேறிய காலத்தில் பிள்ளைகளையும் தெய்வத்தையும் முதுகில் சுமந்து வந்தமையால் அப்பெயர் பெற்றனர் என்பது ஐதிகம். துணியில் கட்டிய குழந்தையை முதுகில் சுமக்கும் வழக்கமும் அவர்களுடையது. அக்குழந்தை மூன்று வயதிற்குள் காட்டின் ஒலியையும் தன் இனத்துப் பேச்சையும் ஈர்த்துக்கொண்டுவிடும். போடிப் பட்டணத்துத் தெருக்களிலோ தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய நான்கும் வீட்டு மொழிகளாக உள்ளன. மலைக்கு அப்பால் கேரள எல்லையில், தேவிகுளம், உடும்பன்சோலை தாலூகாக்களில் தமிழ்த் தொழிலாளர் பிள்ளைகள் மலையாளம் பேசும் ஆசிரியைகளிடம் வருகின்றனர். அண்மைக் காலத்தில் ஜார்க்கண்ட், மத்தியப் பிரதேசம், அஸ்ஸாம் முதலிய இடங்களிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் அருகில் அமர்கின்றனர். கொடைக்கானலில் அம்மையார் கண்ட கலப்புக் கூட்டத்தைவிட இது கலப்பு மிக்கது.

இத்தகைய அறையில் ஆசிரியை எம்மொழியில் தொடங்குவாள்? பிள்ளை பேசாதிருந்தால் மந்தம் என்று எண்ணப்படுகிறது. வீட்டில் இடையறாது பேசும் குழந்தை பள்ளியில் மாதக்கணக்கில் வாய் திறவாதிருப்பது புத்திக் குறைவாலன்று. தான் இதுவரை ஈர்த்த உலகம் அவ்வறையில் எங்கும் காணப்படாமையால் ஆகும். 1953-இல் ஐக்கிய நாடுகளின் கல்விச் சபை வெளியிட்ட அறிக்கை தாய்மொழியே குழந்தையின் முதற் கல்விக்கு ஏற்ற வாயில் என்று நிபுணர் முடிவாக அறிவித்தது. நியூஜிலாந்து சர்க்கார் 1996-இல் வெளியிட்ட பாலர் பாடத்திட்டத்திற்கு மாவோரி மொழியில் நெய்த பாய் என்று பொருள்படும் பெயரையே இட்டனர். பல குடும்பங்களின் வழக்கங்கள் இழைகளாகச் சேர்ந்து ஒரே பாயாக வேண்டும் என்பது அதன் உட்கருத்து. பாயில் அமர்ந்து படித்த நம் முன்னோர்க்கு இவ்வுவமை இனிதே விளங்கும்.

எழுத்து விஷயத்தில் அம்மையாரின் முறையும் நம் பழைய முறையும் நெருங்கிய உறவினர் என்பதை இங்கே சொல்ல வேண்டும். உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை இரு விரலால் தடவிச் சென்றால் கை எழுத்தை அறியும். கண்ணும் காதும் உடன் சேரும் என்பது அவர் கண்டது. நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதியதும், விஜயதசமியன்று நெல்லிலோ அரிசியிலோ குழந்தையின் விரலைப் பிடித்து எழுத்தறிவிப்பதும் அந்நெறியைச் சார்ந்தவையே. சென்னை எழும்பூர் அநாதைச் சிறுவர் விடுதியின் மேலதிகாரியாக 1789-இல் அமர்ந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் விடுதியிற் புகுத்தினார். பெரிய பிள்ளை சிறிய பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையையும் சேர்த்து 1797-இல் லண்டனில் நூலாக்கினார். சென்னை முறை என்ற பெயருடன் அது இங்கிலாந்தில் பரவியது. நூறாண்டு கழித்து அதே இரண்டு தத்துவங்களும் இத்தாலியிலிருந்து நம்மிடம் புதிதாக வந்து சேர்ந்தபோது நாம் கட்டணம் கொடுத்துக் கற்றுக்கொண்டோம்!

ஆயினும் இத்தாலிய நெடுங்கணக்கை வைத்துத் தமிழைக் கற்பிக்க இயலாது. அவர்களுக்கு எழுத்து 21. நமக்கு உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247. இத்தனையையும் உப்புத்தாளில் வெட்டினால் அட்டைகளை வைக்கவே ஓர் அறை வேண்டும். உயிரும் அகரமேறிய மெய்யும் வெட்டி, கால், கொம்பு, விசிறி, சுழி முதலியவற்றைத் தனியே கொடுத்தால், குழந்தையே சேர்த்துப் பார்த்துக் கொள்ளும். உகர ஊகார வரிசை மட்டும் வடிவம் மாறுவதால் தனியே காட்டப்பட வேண்டும். இது அம்மையாரின் நூலிலிருந்து எடுத்ததன்று. நம் மொழியின் இயல்பை அறிந்த ஆசிரியை தானே செய்துகொள்ள வேண்டிய மாற்றம் இது. முறையைக் கொள்ளுதல் வேறு, அதன் கருவிகளை அப்படியே நகலெடுத்தல் வேறு.

கருவிகள் என்றவுடன் மனத்தில் எழும் மற்றொரு காட்சியையும் குறிப்பிடுகிறோம். போடியில் எத்தனையோ பெண்டிர் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலையால் ஜீவிக்கின்றனர். சல்லடையில் சலித்து எட்டு மில்லிமீட்டர், ஏழு, ஆறு என்று பருமனால் பிரிப்பர். பின் நிறத்தால் பிரிப்பர். வெடித்த காயையும் கறுத்த காயையும் விரல் நுனியாலேயே ஒதுக்குவர். ஒரு மில்லிமீட்டர் வேற்றுமையைக் கண்ணால் அறியும் தாயின் மடியருகே வளர்ந்த குழந்தைக்கு, சிறிது பெரிது என்னும் பாடத்தைத் தொடங்க வெளிநாட்டு மரக்கட்டை வேண்டுமா? பருமன் மட்டும் மாறும் காய்களை ஒரு கிண்ணத்தில், நிறம் மட்டும் மாறுபவற்றை மற்றொரு கிண்ணத்தில் இட்டுக் கொடுத்தால், ஒரு நேரத்தில் ஒரு குணம் என்னும் அம்மையாரின் விதி சற்றும் பிசகாது நிற்கும். வாசனையைப் பிரித்தறிய அவர் குப்பிகளை வைத்தார். நம் பிள்ளைகளுக்கு ஏலமும் மிளகும் கிராம்பும் வீட்டு வாசற்படியில். ஆனால் மிகச் சிறு குழந்தைகள் காயை வாயிலிட்டுக் கொள்ளாதபடி பார்த்துக் கொள்ளுதல் அவசியம். பாலர் பள்ளியில் இந்தக் கவலை எந்தத் தத்துவத்திற்கும் முற்பட்டது.

அம்மையாரிடம் குறையே இல்லை என்று கூறுவது அவர் ஆராய்ச்சிக்கே இழுக்கு. தம் கருவிகளும் பயிற்சியும் சிறிதும் மாறக்கூடாதென்பதில் அவர் பிடிவாதம் மிக்கவர். அதனால் செலவு ஏறியது. செலவு ஏறவே ஏழைகளிடமிருந்து முறை நழுவியது. இளங்குழந்தைகளுக்கு மாயக் கதைகள் சொல்வதையும் அவர் விரும்பவில்லை. பாட்டி மடியில் கதை கேட்டு வளர்ந்த நாம் இதில் அவரோடு உடன்படுதல் அரிது.

இக்குறையை நீக்கியவர்கள் நம் நாட்டவரே. குஜராத்தில் கிஜுபாய் பதேகா என்னும் வக்கீல், தம் மகனுக்கு ஏற்ற பள்ளியைத் தேடி மாண்டிசோரி நூலைக் கண்டு, தொழிலை விட்டு, 1920-இல் பாவ்நகரில் பால மந்திரம் நிறுவினார். கருவிகளோடு நாட்டுக் கதை, பாட்டு, ஆட்டம், களிமண் வேலை யாவற்றையும் அங்கே சேர்த்துக் கொண்டார். அம்மையார் இந்தியா வருவதற்குச் சில மாதங்களுக்கு முன், 1939 ஜூனில், அவர் காலஞ்சென்றார். இருவரும் அடையாற்றில் அமர்ந்து கதையைப் பற்றி வாதிட்டிருந்தால் எவ்வளவு சுவையாக இருந்திருக்கும்! அவருடன் பணியாற்றிய தாராபாய் மோதக் அம்மையார் மேலும் ஒருபடி சென்றார். 1945-இல் மகாராஷ்டிரக் கடற்கரையிலுள்ள போர்டி கிராமத்திலும், பின்னர் கோஸ்பாட் குன்றிலும், வார்லி என்னும் பழங்குடிப் பிள்ளைகளிடையே தொண்டு செய்தபோது, பிள்ளைகள் பள்ளிக்கு வாராமை கண்டு, பள்ளியையே அவர்கள் முற்றத்துக்குக் கொண்டு சென்றார். சிப்பி, கூழாங்கல், விதை, இலை இவையே கருவிகள். ஆடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு மேய்ச்சல் நிலத்திலேயே பாடம். முற்றத்துப் பள்ளி என்னும் பொருள்படும் அங்கன்வாடி என்ற பெயர் அங்கிருந்தே நாடெங்கும் வந்தது. 1975 அக்டோபர் 2-ஆம் நாள் இந்திய சர்க்கார் குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோது அப்பெயரை ஏற்றனர். தமிழ்நாட்டில் 1982-இல் எழுந்த சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுக் குழந்தையையும் அங்கே சோற்றுக்கு அமர்த்தியது. போடியிலும் மலைக் குடியிருப்புகளிலும் இன்று காணும் அங்கன்வாடிகள், சான் லொரென்சோவிலிருந்து கோஸ்பாட் வழியாக வந்தவை என்று சொல்வது மிகையாகாது.

1951-இல் இயற்றப்பட்ட தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பதும் அதற்கு மேலும் பெண்கள் வேலை செய்யும் தோட்டங்களில் குழந்தைக் காப்பகம் வைக்கும்படி விதித்தது. ஏலத்தோட்டங்களில் பல சிறியவை. பெண்கள் நாளுக்கொரு தோட்டமாக ஜீப்பில் செல்பவர்கள். எந்தக் காப்பகத்தில் அக்குழந்தை இருக்கும்? ஆகவே பாரம் முழுவதும் கீழே ஊரிலுள்ள அங்கன்வாடி ஆசிரியையின் தோளில் விழுகிறது. அவள் தன் அறைக்கு வரும் ஒவ்வொரு வீட்டு மொழியிலும் ஐம்பது சொற்களேனும், தண்ணீர், பசி, வலி, அம்மா, வா, பயப்படாதே என்பன முதலாக, முதல் மாதத்தில் கற்றுக்கொள்வாளானால் அதுவே பெருந்தொண்டு. அத்தாய்மாரில் ஒருத்தியை வாரம் ஒருநாள் அழைத்து அவர்கள் வீட்டுத் தாலாட்டையும் கதையையும் சொல்லச் செய்தால் செலவு ஏதுமில்லை. நம் பட்டணத்துப் பெற்றோர், பணம் கட்டிச் சேர்க்கும் பள்ளிகளில், மூன்று வயதுப் பிள்ளை வரிசையில் கைகட்டி அமர்ந்து பொருளறியா ஆங்கிலப் பாட்டை ஒப்பிப்பதைக் கேட்டு மகிழ்கின்றனர். பலகையில் எந்தப் பெயர் இருந்தாலும், பிள்ளை தன் கையால் வேலை செய்கிறதா, தன் வீட்டுப் பேச்சில் ஆசிரியையிடம் பேசுகிறதா, வேறு தெருப் பிள்ளையோடு ஒரே பாயில் அமர்கிறதா என்று ஒருநாள் உள்ளே சென்று பார்த்தல் நலம்.

யுத்தம் ஓய்ந்தபின் 1946-இல் அம்மையார் ஐரோப்பா திரும்பினார். அடுத்த ஆண்டே மறுபடியும் அடையாற்றுக்கு வந்தார். 1949-இல் இறுதியாக விடைபெற்றபோது அவருக்கு வயது 78. முன்பின்னாகக் கணக்கிட்டால் தம் முதுமையில் பத்தாண்டுக் காலத்தின் பெரும்பகுதியை இத்துணைக் கண்டத்திலேயே கழித்தார். 1949, 1950, 1951 ஆகிய மூன்றாண்டுகளிலும் சமாதானத்துக்கான நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிட்டவில்லை. 1952 மே மாதம் 6-ஆம் நாள், ஹாலந்தின் நோர்ட்விக் என்னும் கடற்கரையூரில், ஆப்பிரிக்காவுக்குச் சென்று அங்குள்ள ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிப்பது பற்றி மகனோடு பேசிய நாளன்றே உயிர் நீத்தார். எங்கே இறக்க நேர்கிறதோ அங்கேயே தம்மை அடக்கம் செய்யவேண்டும் என்பது அவர் விருப்பம். அதன்படி அவ்வூர்க் கத்தோலிக்கக் கல்லறையில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. ரோமாபுரியில் பெற்றோர் கல்லறையில் ஒரு நினைவுக்கல் மட்டும் இருக்கிறது.